சியாட்டில் மெட்டலைக் கொல்லவில்லை: மூத்த மெட்டல் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கு,

வணக்கம். அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட், ஸ்லேயர் என்று ஹெவி மெட்டல் குழுக்களைப் பற்றித் தமிழில் மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்கள் நீங்கள். காசெட்டிலிருந்து காசெட்டுக்குப் பதிவு செய்து, அட்டையில் பாடல் பெயர்களைக் கையால் எழுதி, கைமாற்றிக் கைமாற்றி இந்த இசையை நம் ஊரில் உயிரோடு வைத்திருந்தவர்கள். 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உங்களில் உண்டு. உங்கள் கையிலிருந்துதான் என் போன்றவர்களுக்கு மெட்டல் கிடைத்தது. அந்த நன்றி என்றைக்கும் இருக்கிறது. இருந்தும் ஒரு விஷயத்தில் உங்கள்மீது எனக்குத் தீராத கோபம்.

மெட்டலின் வரலாற்றைப் பேச உட்கார்ந்தால் 1991 வந்ததும் உங்கள் குரல் மாறிவிடுகிறது. "அதோட முடிஞ்சுது. சியாட்டில்காரனுங்க வந்தானுங்க, மெட்டலக் கொன்னுட்டானுங்க." இதைச் சொல்லிவிட்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் நான்கு குழுக்களையும் ஒரே கயிற்றில் கட்டி வாசலுக்கு வெளியே விடுகிறீர்கள். உங்களிடம் கேட்டு வளரும் தம்பி தங்கைகள் அதை அப்படியே நம்புகிறார்கள். ஆலிஸ் இன் செயின்ஸின் 'டர்ட்' ஆல்பத்தை ஒருமுறைகூட முழுதாகக் கேட்காமலேயே அது மெட்டல் இல்லை என்று சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். 1991 மே மாதம், அமெரிக்காவில் எந்த ஆல்பம் அதிகம் விற்கிறது என்று சொல்லும் பில்போர்ட் பட்டியல் கணக்கிடும் முறை மாறியது. அதுவரை கடைக்காரர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த பட்டியல், கடையில் ஸ்கேன் ஆகும் விற்பனையை நேரடியாக எண்ணத் தொடங்கியது. அடுத்த மாதமே ஸ்கிட் ரோவின் 'ஸ்லேவ் டு த கிரைண்ட்' வெளியான வாரத்திலேயே முதலிடம் பிடித்தது. மெட்டல் வாங்குகிற கூட்டம் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் இசைத்தொழிலுக்கே புரிந்தது. ஆகஸ்ட் 12 அன்று மெட்டாலிகாவின் கறுப்பு ஆல்பம். அந்தப் புதிய கணக்கு தொடங்கிய பிறகு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற ஆல்பம் இன்றுவரை அதுதான். ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 24 அன்று, நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. அது மெட்டலைக் கொன்றிருந்தால் 1992 ஜூலையில் வந்த மெகாடெத்தின் 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' எப்படி இரண்டாம் இடம் வரை ஏறியது? அந்தக் குழு அதற்கு முன் அவ்வளவு உயரத்தை எட்டியதே இல்லை. 1993இல் ஆந்த்ராக்ஸின் 'சவுண்ட் ஆஃப் வைட் நாய்ஸ்' முதல் பத்துக்குள் நுழைந்தது எப்படி?

1994இன் தொடக்கத்தைப் பாருங்கள். ஜனவரி கடைசியில் வந்த ஆலிஸ் இன் செயின்ஸின் 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' முதலிடம் பிடித்தது, ஒரு இ.பி. (முழு ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு) வந்த வாரமே முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை. மார்ச் 8 அன்று வந்த சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்னோன்' முதலிடம். அதற்கு இரண்டே வாரம் கழித்து, மார்ச் 22 அன்று, பாண்டெராவின் 'ஃபார் பியாண்ட் டிரைவன்' வந்தது. அதுவும் வந்த வாரமே முதலிடம். ரேடியோவுக்கென்று ஒரு பாடல்கூடத் தணித்து எழுதாத, டைம்பேக் டாரலின் கிட்டார் செவியை அறுக்கிற, அவ்வளவு முரட்டுத்தனமான ஆல்பம் அமெரிக்காவின் உச்சியில் போய் உட்கார்ந்தது. சியாட்டில் உச்சத்தில் இருந்த அதே வசந்தகாலத்தில்தான் இது நடந்தது. செத்துப்போன இசைக்கா இத்தனை பேர் வரிசையில் நின்றார்கள்?

பட்டியலுக்கு வெளியே நடந்ததைச் சொல்லவே வேண்டாம். சவுண்ட்கார்டனின் 'பேட்மோட்டார்ஃபிங்கர்' வந்த அதே 1991 அக்டோபரில்தான் டெத் குழுவின் 'ஹியூமன்' வந்தது. டார்க்த்ரோனின் 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை' 1992. கார்காஸின் 'ஹார்ட்வொர்க்', செபுல்துராவின் 'கேயாஸ் ஏ.டி.' இரண்டும் 1993. கைஸ், ஸ்லீப், பாரடைஸ் லாஸ்ட் எல்லோரும் அந்த ஆண்டுகளில்தான் தங்கள் குரலைக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் உயிராய் நேசிக்கிற டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் முழுதாய் மலர்ந்தது, நீங்கள் பிணம் விழுந்ததாகச் சொல்லும் அதே நாட்களில்.

அப்படியென்றால் செத்தது எது? லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப்பில் ஹேர்ஸ்பிரே அடித்து, உதட்டுச்சாயம் பூசி, ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு காதல் பல்லவி வைத்து எம்டிவியில் ஓடிக்கொண்டிருந்த க்ளாம் குழுக்கள். அவற்றை நீங்கள் ஒருநாளும் மெட்டல் என்று ஒப்புக்கொண்டதில்லை. "அதெல்லாம் மெட்டலா தம்பி?" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். உயிரோடு இருந்தவரை சொந்தம் என்று சொல்லாத ஒன்றின் சாவுக்கு இப்போது மட்டும் எப்படித் துக்கம் கொண்டாட முடியும்? எனக்கு க்ளாம்மீது வெறுப்பு கிடையாது. ஆலிஸ் இன் செயின்ஸே அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான்; பாண்டெராவின் முதல் ஆல்பங்களின் அட்டையைப் பார்த்தாலும் தெரியும். ஆனால் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும்.

பெரிய குழுக்கள் அந்த ஆண்டுகளில் தடுமாறியது உண்மைதான். பாடகர் ராப் ஹால்ஃபோர்டு 1992இல் ஜூடாஸ் பிரீஸ்டை விட்டுப் போனார். பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் அயர்ன் மெய்டனை விட்டுப் போனார். டிரம்ஸ் கலைஞர் டேவ் லம்பார்டோ அப்போது ஸ்லேயரில் இல்லை. பாடகர் ஜோயி பெலடோனாவும் அப்போது ஆந்த்ராக்ஸில் இல்லை. இதில் எந்தக் கதவையும் சியாட்டில் தட்டவில்லை. 'பெயின்கில்லர்' போன்ற ஓர் ஆல்பத்தை 1990இல் தந்துவிட்டு ஜூடாஸ் பிரீஸ்ட் உடைந்தது அவர்கள் வீட்டுச் சண்டை. 1996இல் மெட்டாலிகா முடியை வெட்டிக்கொண்டு 'லோடு' எழுதியது அவர்களே எடுத்த முடிவு. அதே ஆண்டு ஏப்ரலில் ஆலிஸ் இன் செயின்ஸ் அன்பிளக்டு நிகழ்ச்சி செய்தபோது, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மெட்டாலிகாக்காரர்களைச் சீண்ட அந்த முடிவெட்டு பற்றிய கிண்டல் வரி ஒன்றைத் தன் பேஸ் கிட்டாரில் எழுதிவைத்து வாசித்தார் மைக் ஐனஸ். கொன்றவனும் செத்தவனும் இப்படியா பழகுவார்கள்?

அந்த மைக் ஐனஸ் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் ஆலிஸ் இன் செயின்ஸில் சேர்வதற்கு முன் அவர், மெட்டலைத் தொடங்கிவைத்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் பேஸ் கலைஞர்.

இனி இந்த மடலின் மையத்துக்கு வருகிறேன். தேதிகளும் விற்பனையும் பக்கவாட்டுச் சான்றுகள்தான். என் வாதம் இசையில் இருக்கிறது. சவுண்ட்கார்டனும் ஆலிஸ் இன் செயின்ஸும் மெட்டல் குழுக்கள். மெட்டலின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அல்ல. பிளாக் சப்பாத்தின் நேரடி வாரிசுகள்.

பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் விரல்நுனிகள் துண்டானதும், பிறகு அவர் தந்திகளைத் தளர்த்தியதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1971இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் ட்யூனிங் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியது. மெட்டலின் கனம் என்று நாம் இன்று சொல்வது அங்கே பிறந்தது. ஆனால் எண்பதுகளில் என்ன ஆனது? மெட்டல் வேகத்தைத் தேடி ஓடியது. த்ராஷ் என்ற அதிவேக வகை வந்தது, அற்புதமாக வந்தது, நானும் கொண்டாடுகிறேன். ஆனால் சப்பாத்தின் அந்த மெதுவான, தரையில் கால் பதிய நடக்கிற கனத்தைப் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள். கேண்டில்மாஸ், டிரபிள், செயிண்ட் வைட்டஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குழுக்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலும் சிலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்ன் அவர்களில் முதல்வர். கடைசித் தந்தியை 'டி'க்கு இறக்குகிற டிராப் டி ட்யூனிங் பற்றி அவர் பேசியதைக் கேட்டுத்தான் சவுண்ட்கார்டனின் கிட்டார் கலைஞர் கிம் தய்யில் அதை எடுத்துக்கொண்டார். அப்படிப் பிறந்த பாட்டு 1987இல் வந்த 'ஸ்க்ரீமிங் லைஃப்' இ.பி.யில் இருக்கிற 'நத்திங் டு சே'. அதைக் கேட்டுவிட்டு இது மெட்டல் இல்லை என்று சொல்லும் துணிச்சல் உங்களில் யாருக்கு இருக்கிறது?

கிம் தய்யிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள். நம் பக்கத்து மண்ணின் பிள்ளை ஒருவர் உலகின் தலைசிறந்த கனத்த ரிஃப்களில் (கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் மெட்டுத்துண்டுகளில்) சிலவற்றை எழுதியிருக்கிறார். அதற்காக மட்டும் அவரைத் தூக்கிவைத்துப் பேசச் சொல்லவில்லை. ஆனால் மலையாளம் பேசுகிற நண்பர்கள்கூட இதை அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். மெட்டல் வட்டத்தில் இந்தப் பெயரை யாரும் உச்சரிக்காததுதான் அதற்குக் காரணம்.

சவுண்ட்கார்டனின் 'பேட்மோட்டார்ஃபிங்கர்' ஆல்பத்தைத் தொடக்கத்திலிருந்து கேளுங்கள். 'ரஸ்டி கேஜ்' பாட்டில் கடைசித் தந்தி 'பி' வரை இறங்கியிருக்கிறது. முதலில் தடதடவென்று ஓடுகிறது, கடைசி ஒன்றரை நிமிடத்தில் திடீரென்று வேகம் செத்து, காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு சப்பாத் ரிஃபுக்குள் விழுகிறது. அடுத்து 'அவுட்ஷைண்டு'. அந்த ரிஃப் ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு புதிதல்ல. ஆனால் அந்த ஏழை இவ்வளவு கனமாக, தலையாட்டும்படி, எண்ணுகிறோம் என்ற நினைவே வராதபடி வாசிப்பது பெரிய வித்தை. டிரம்ஸில் மாட் கேமரன் அதை எப்படித் தாங்குகிறார் என்று மட்டும் ஒருமுறை தனியாகக் கவனியுங்கள். பிறகு 'ஸ்லேவ்ஸ் அண்ட் புல்டோசர்ஸ்'. பாடகர் கிறிஸ் கார்னெலின் குரல் அங்கே செய்வதைச் செய்யக்கூடிய மெட்டல் பாடகர்கள் எத்தனை பேர்? ஹால்ஃபோர்டு, டியோ, டிக்கின்சன் வரிசையில் அவரை வைக்க நான் தயங்கமாட்டேன். 2017 மே 17 இரவு டெட்ராய்ட்டில் அவர் கடைசியாக மேடையில் பாடியதும் அந்தப் பாட்டைத்தான். மறுநாள் அவர் இல்லை.

'பேட்மோட்டார்ஃபிங்கர்' வந்ததற்கு அடுத்த ஆண்டு, 1992இல், சவுண்ட்கார்டன் சப்பாத்தின் 'இன்டு த வாய்டு' பாட்டையே எடுத்து, வரிகளை மாற்றி, சியாட்டில் நகரத்துக்குப் பெயர் தந்த பழங்குடித் தலைவர் சீயால்த்தின் பெயரிலான சொற்களை அந்த மெட்டில் பாடினார்கள். அந்த நிலத்தின் துயரத்தை அயோமியின் ரிஃபில் ஏற்றிப் பாடியவர்களையா நீங்கள் மெட்டலின் எதிரிகள் என்கிறீர்கள்? அந்தப் பாட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. எந்தப் பிரிவில் தெரியுமா? மெட்டல் பிரிவில். 1995இல் 'ஸ்பூன்மேன்' அதே மெட்டல் பிரிவில் வென்றது. கிராமிக்காரர்களின் காதை நானும் பெரிதாக நம்புவதில்லை. 1989இல் மெட்டாலிகாவை விட்டுவிட்டு ஜெத்ரோ டல்லுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கே கேட்டது உங்களுக்குக் கேட்காமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆலிஸ் இன் செயின்ஸ் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை. 1992 செப்டம்பரில் வந்த 'டர்ட்' எனக்கு மெட்டலின் பத்து உச்சங்களில் ஒன்று. 'தெம் போன்ஸ்' எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாடகர் லேன் ஸ்டேலியின் கத்தலோடு வெடிக்கிறது. ரிஃப் மறுபடியும் ஏழு எண்ணிக்கை. ஜெர்ரி காண்ட்ரெலின் கிட்டார் ஒலி ஈரமும் அழுக்கும் ஏறிய ஒரு கனம். அதன்மேல் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று ஒட்டி நடக்கின்றன. ஸ்டேலியும் காண்ட்ரெலும் சேர்ந்து பாடும் அந்த இணைக்குரலை மெட்டலில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. இரண்டும் ஒரே வலியைப் பாடுகின்றன, ஆனால் ஒன்று சற்றுத் தள்ளி நின்று பாடுகிறது. அந்த இடைவெளியில்தான் நமக்கு உடல் சிலிர்க்கிறது.

அந்த ஆல்பம் பேசும் விஷயம் என்ன? ஹெராயின். அதற்குள் இருந்துகொண்டே, அதை மறைக்காமல், தனக்குப் பரிதாபம் தேடாமல் எழுதினார் ஸ்டேலி. சப்பாத் 1970இல் 'ஹேண்ட் ஆஃப் டூம்' பாட்டில் தொட்டது இதே விஷயம். மெட்டாலிகா 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டில் எழுதியதும் போதை மனிதனை ஆட்டிவைப்பதைத்தான். 'ரூஸ்டர்' பாட்டில் காண்ட்ரெல் வியட்நாம் போருக்குப் போய்வந்த தன் அப்பாவைப் பாடுகிறார்; 'வார் பிக்ஸ்' பாடிய மரபுக்கு அது அந்நியமா? மெட்டல் எப்போதும் பேசிவந்த போர், அடிமைத்தனம், சாவு மூன்றும் அந்த ஆல்பத்தில் இருக்கின்றன. பேய்களும் டிராகன்களும் இல்லை, அவ்வளவுதான். 2002 ஏப்ரல் 5 அன்று ஸ்டேலி இறந்தார். 'ஜங்க்ஹெட்' பாட்டை அதற்குப் பிறகு என்னால் இயல்பாகக் கேட்க முடிந்ததே இல்லை.

அதே 'டர்ட்' ஆல்பத்தில் 'அயர்ன் கிளாண்ட்' என்று முக்கால் நிமிடத் துண்டு ஒன்று வருகிறது. அதில் அலறுகிற குரல் ஸ்லேயரின் டாம் அராயா. அந்த ஆல்பத்தின் பதிவு தொடங்கிய நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸில் கலவரம் வெடித்தது. ஆலிஸ் இன் செயின்ஸ்காரர்கள் நகரத்தைவிட்டு ஜோஷுவா ட்ரீ பாலைவனப் பக்கம் போய்த் தங்கியபோது கூடப் போனவரும் அராயாதான். நீங்கள் கடவுளாகக் கும்பிடுகிற மனிதர், அண்ணன்மாரே. அவருக்கு இவர்கள் சொந்தக்காரர்கள்.

அந்தச் சொந்தம் எங்கே உண்டானது என்று உங்களுக்கே தெரியும். 1991 கோடையில் அமெரிக்கா முழுக்கச் சுற்றிய 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' இசைப்பயணத்தில். ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் மூன்று குழுக்களும் தலைமை. அவர்களுக்கு முன்னால், வெயில் இறங்குவதற்கு முன்பே மேடையேறி வாசித்த நாலாவது குழு ஆலிஸ் இன் செயின்ஸ். ஸ்லேயர் ரசிகர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் அவர்கள்மீது எறிந்தார்கள். அவர்கள் ஓடவில்லை. வாங்கிக்கொண்டே வாசித்தார்கள், சில இடங்களில் திருப்பியும் எறிந்தார்கள், ஊர் ஊராக அப்படியே போய்ச் சுற்றை முடித்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் தினமும் நின்று தேறிய ஒரு குழுவுக்கு இன்னும் என்ன சான்றிதழ் வேண்டும்? அப்போது 'நெவர்மைண்ட்' இன்னும் வரவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்களின் முதல் ஆல்பம் 'ஃபேஸ்லிஃப்ட்' 1990 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. நிர்வாணா திறந்துவிட்ட கதவு வழியாக நுழைந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது காலக்கணக்கிலேயே தப்பு.

கிட்டார் தனித்து முன்னால் வந்து வாசிக்கும் சோலோ பற்றி ஒரு குற்றச்சாட்டு உண்டு. "கிட்டார் சோலோவை ஒழிச்சுட்டானுங்க." 'மேன் இன் த பாக்ஸ்' பாட்டில் காண்ட்ரெல் வாசிப்பது சோலோ இல்லாமல் வேறென்ன? தய்யிலின் சோலோக்கள் சுருதியை விட்டுவிட்டு அலைகின்றன என்பீர்கள். ஸ்லேயரின் கெர்ரி கிங்கும் ஜெஃப் ஹன்னமனும் 'ரெயின் இன் பிளட்' ஆல்பத்தில் சுருதியைப் பற்றிக் கவலைப்பட்டார்களா? அங்கே அது வெறி, இங்கே அது குறையா? சோலோவே இல்லாத பெரிய ஆல்பம் வேண்டுமென்றால் 2003இல் வந்த 'செயிண்ட் ஆங்கர்' இருக்கிறது. அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் எல்லாவற்றையும் மெட்டல் என்று சொல்லவில்லை. பேர்ல் ஜாம் மெட்டல் இல்லை. அவர்கள் வேர் வேறு, அதில் எனக்குச் சண்டை கிடையாது. நிர்வாணா பங்க்கின் பிள்ளை; 'பிளீச்' ஆல்பத்தில் மெல்வின்ஸின் சாயல் கனமாக இருந்தாலும் அவர்களை இழுத்து வந்து நம் வீட்டில் உட்காரவைக்க நான் முயலமாட்டேன். நான்கு குழுக்களும் ஒரே ஊர் என்பதற்காக ஒரே இசை ஆகிவிடாது. டெத் மெட்டலுக்குப் பேர்போன டாம்பா நகரத்தின் எல்லாக் குழுவும் டெத் மெட்டல் குழுவா என்று கேட்டால் சிரிப்பீர்கள். சியாட்டிலுக்கு மட்டும் அந்த நியாயத்தை ஏன் மறுக்கிறீர்கள்?

உங்கள் கோபத்தில் நியாயமான ஒரு பகுதி உண்டு. பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் அன்று நடந்துகொண்ட விதம் அசிங்கம். நேற்றுவரை மெட்டல் குழுக்களை வைத்துச் சம்பாதித்தவர்கள் ஒரே இரவில் முகம் திருப்பினார்கள். டெஸ்டமெண்ட், ஓவர்கில் போன்ற குழுக்கள் பெரிய நிறுவனத்தின் ஆதரவை இழந்து சிறிய லேபிள்களுக்குப் போக நேர்ந்தது. 1995இல் எம்டிவி 'ஹெட்பேங்கர்ஸ் பால்' என்ற மெட்டல் நிகழ்ச்சியை நிறுத்தியது. அதன்பின் கார்னெலையும் பேர்ல் ஜாமின் எட்டி வெட்டரையும் நகலெடுத்துப் பாடுகிற குழுக்கள் ரேடியோவை நிரப்பின. அந்தக் காலத்தை நீங்கள் வெறுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிற மேசையில் நடந்ததற்கு மேடையில் நின்று வாசித்தவனைப் பழிசொல்வது எந்த ஊர் நியாயம்? அதே கம்பெனிகள் சில ஆண்டுகளில் சியாட்டில் குழுக்களையும் மறந்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டன.

இன்னொன்று. அந்த ஊரே மெட்டல் ஊர் என்பதை நீங்கள் எப்படி மறக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. குவீன்ஸ்ரைக் சியாட்டிலின் பக்கத்தில் பெல்வியூக்காரர்கள். சாங்க்சுவரி சியாட்டில், அவர்களின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் மெகாடெத்தின் டேவ் மஸ்டெயின், அந்தக் குழுவிலிருந்துதான் பிறகு நெவர்மோர் வந்தது. மெட்டல் சர்ச் வளர்ந்த ஆபர்டீன்தான் நிர்வாணாவின் கர்ட் கோபேனின் ஊரும். டிலன் கார்ல்சனின் எர்த் குழு 1993இல் சப் பாப் நிறுவனத்தின் வழியே வெளியிட்ட 'எர்த் 2' ஆல்பம்தான், ஒரே ஒலியை நீட்டி முழங்கும் டிரோன் மெட்டல் என்ற வகைக்கே அடிக்கல். அதைக் கொண்டாடத்தான் சியாட்டிலில் சன் ஓ என்ற குழு தொடங்கியது. ஜப்பானின் போரிஸ் தன் பெயரை எடுத்துக்கொண்டது மெல்வின்ஸின் ஒரு பாட்டிலிருந்து. போரிஸையும் சன் ஓவையும் தலையில் வைத்துக் கொண்டாடும் உங்களில் சிலர், அவை எந்த மண்ணில் முளைத்தன என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறீர்கள்.

மெட்டல் உலகமே இந்தக் குழுக்களை எப்படிப் பார்க்கிறது? மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட் 'என்டர் சாண்ட்மேன்' ரிஃப் பிறந்தது பற்றிக் கேட்டபோதெல்லாம் சவுண்ட்கார்டனின் 'லவுடர் தேன் லவ்' ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லியிருக்கிறார். உலகத்தின் மிகப் பிரபலமான மெட்டல் ரிஃபுக்குப் பின்னால் நீங்கள் வெளியே நிறுத்திய குழு நிற்கிறது. 2019 ஜனவரியில் கார்னெலுக்காக லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் மெட்டாலிகா வாசிக்கத் தேர்ந்தெடுத்த சவுண்ட்கார்டன் பாடல்கள் 'ஆல் யுவர் லைஸ்', 'ஹெட் இஞ்சுரி' இரண்டும். இரண்டும் 1988இன் 'அல்ட்ராமெகா ஓகே' ஆல்பத்தில் இருப்பவை. 'பிளாக் ஹோல் சன்' வாசித்திருந்தால் கூட்டம் இன்னும் பெரிதாகக் கத்தியிருக்கும். அவர்கள் ரசிகர்களாக, தங்கள் இளமையில் கேட்டதை எடுத்து வாசித்தார்கள். 2020இல் சியாட்டில் அருங்காட்சியகம் ஒன்று ஆலிஸ் இன் செயின்ஸைக் கௌரவித்தபோது மெட்டாலிகா 'வுட்?' பாட்டை வாசித்தது, மாஸ்டடன் 'அகெய்ன்' பாட்டை வாசித்தது. ஓப்பெத் 'வுட்?' பாட்டைத் தாங்களும் பதிவு செய்தார்கள். இன் ஃப்ளேம்ஸ் 'டவுன் இன் எ ஹோல்' பாட்டைப் பதிவு செய்தார்கள். காண்ட்ரெலின் தனி ஆல்பம் 'டிகிரடேஷன் டிரிப்'பில் பேஸ் வாசித்தவர், பிறகு மெட்டாலிகாவில் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோ. நீங்கள் மதிக்கும் கலைஞர்கள் எல்லோரும் ஒரு பக்கம் நிற்கிறார்கள், நீங்கள் மட்டும் இன்னொரு பக்கம்.

இது பழைய கணக்கு, போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். விட முடியாமல் செய்வது இன்றைய பிள்ளைகள். ஒரு கல்லூரித் தங்கை டெஃப்டோன்ஸ் குழுவைப் பிடிக்கும் என்று சொல்கிறாள். "அது மெட்டலே இல்ல, போய் ஸ்லேயர் கேளு" என்று பதில் வருகிறது. டெஃப்டோன்ஸின் 'வைட் போனி' ஆல்பத்தில் பாடகர் சீனோ மொரேனோ கொண்டுவந்தது த க்யூர், டெப்பேஷ் மோட் கேட்டு வளர்ந்த குரல். ஸ்டீஃபன் கார்பென்டர் கொண்டுவந்தது மெஷுகா என்ற மெட்டல் குழுவில் ஊறிய கிட்டார். அந்த இழுபறிதான் அவர்கள் இசை. அவளுக்கு மெஷுகாவுக்கும் சப்பாத்துக்கும் போக அங்கிருந்தே நேர்வழி இருக்கிறது. அந்த வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். சிஸ்டம் ஆஃப் எ டவுன் வழியே வருகிறவனுக்கும், லிங்கின் பார்க் வழியே வருகிறவனுக்கும் இதே வரவேற்புதான். முகம் சுருங்கித் திரும்பிப் போகிறவர்கள் மறுபடி வருவதில்லை. நம் ஊரில் ஒரு மெட்டல் நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆளைத் திருப்பி அனுப்புகிற நிலையிலா இருக்கிறோம்? அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மெட்டல் வரலாற்றைத் தமிழில் நீங்கள் எழுதும்போதும் பேசும்போதும் 'பேட்மோட்டார்ஃபிங்கர்', 'டர்ட்' இரண்டையும் பாண்டெராவின் 'வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்' பக்கத்திலேயே வையுங்கள். மூன்றும் ஓராண்டு இடைவெளிக்குள் வந்தவை. சியாட்டில் மெட்டலைக் கொன்றது என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். டெஃப்டோன்ஸ் என்று யாராவது சொன்னால் அவர்கள் கையில் 'டர்ட்' கொடுங்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தால் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' கொடுங்கள். நான் சப்பாத்துக்கு வந்துசேர்ந்தது அந்த வரிசையில்தான்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ஆல்பத்தின் பெயரோடும் பாட்டின் பெயரோடும் எழுதுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் தம்பிகளில் ஒருவன்